500 ரூபாய் வேர்டா, ஓசி ரைட்டரா?

போன வாரம் பொழுதோட அக்கா மகள் கோபியிலிருந்து கூப்பிட்டாள். கோவையில் பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. மச்சான் மஞ்சள் விற்ற காசில் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"மாமா, கடைக்காரர் வேர்டு போட்டுத் தர 500 ரூவா கேக்கறாருங்க. குடுத்துறட்டுங்களா?"

"பில்லு தருவாராமா கண்ணு?"

"பில்லெல்லாம் இல்லீங்களாமா. போட்டதுக்கப்புறம் அப்டேட் மட்டும் எப்பவும் குடுத்துறாதீங்கன்னு சொன்னாருங்க."

அப்டேட் கொடுக்காதே என்று ஒருவர் சொன்னாலே சரக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ரெண்டு நாள் பொறு என்று சொல்லி வைத்தேன். கல்லூரிப் பிள்ளைகள் அசைன்மென்டும் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் எழுத எந்த மென்பொருள் ஒத்துவரும் என்று அவளுக்கு வாட்ஸப்பில் தட்டி அனுப்ப ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டால், பெருந்துறை ரோட்டில் 11 வருசம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருந்தவன் நான். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. கடை நடத்திய காலத்தில் மார்ச், ஏப்ரல் வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி 12 மணி வரை புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எந்த மென்பொருள் எத்தனை வசதி தருகிறது என்பதைவிட, எந்தக் கோப்பு எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்த ஒப்பீட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து, அதாவது பிரிண்டர் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

பென்டிரைவை நீட்டுகிற பையன்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "வீட்டுல பாக்கறப்ப 62 பக்கந்தானுங்கண்ணா இருந்துச்சு, இங்க 67 காட்டுது." பொருளடக்கத்தில் நான்காம் அத்தியாயம் 41ஆம் பக்கம் என்று கையால் தட்டி வைத்திருப்பான். இங்கே அது 44இல் போய் உட்கார்ந்திருக்கும். காலையில் 9 மணிக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அப்புறம் நானும் அவனும் பக்கம் பக்கமாக என்டர் தட்டி, என்டர் அழித்து, நடு ராத்திரி டீ வாங்கி வந்து குடித்துக்கொண்டு...

இதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துருதான். அவன் கணினியில் இருந்த எழுத்துரு என் கணினியில் இல்லை என்றால், மென்பொருள் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் நூல் அளவு மாறினாலே வரி மடங்குகிற இடம் மாறும். 60 பக்கத்தில் அது சேர்ந்து சேர்ந்து ஐந்து பக்கமாகிவிடும். தலைப்புகளுக்கு ஸ்டைல் (இது தலைப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லி வைக்கிற அமைப்பு) கொடுத்து, பொருளடக்கத்தை மென்பொருளையே உருவாக்கவிட்டிருந்தால், ஒரு சொடுக்கில் எண்கள் எல்லாம் திருந்தியிருக்கும். அதற்கும் மேலே, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவந்திருந்தால் பிரச்சனையே வந்திருக்காது. பிடிஎஃப்பில் எழுத்துருவும் கூடவே பயணம் செய்கிறது.

இந்த இரண்டு பழக்கமும் உள்ளவர்களுக்கு எந்த மென்பொருளும் ஒத்துவரும். இல்லாதவர்களுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் ஒன்றும் ஒத்துவராது. இதைச் சொல்லிவிட்டால் மீதி ஒப்பீடு சுலபம்.

முதலில் வேர்டு. 1983இல் வந்தது, இன்றைக்கும் கல்லூரி அலுவலகங்களில் அதுதான் ராஜா. புராஜெக்டை வழிநடத்துகிற ஆசிரியரான கைடு கேட்பது வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு, கருத்தரங்கு மலருக்குக் கேட்பது டாக்எக்ஸ், வேலைக்குச் சேர்ந்த பிறகு நிறுவனத்தில் இருக்கப்போவதும் பெரும்பாலும் அதுதான். பெரிய ஆவணத்தைக் கட்டி மேய்க்க வேண்டியது எல்லாம் உள்ளே இருக்கிறது: படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் தானாக ஏறும் எண், மேற்கோள் பட்டியல், சமன்பாடு எழுதும் வசதி, கைடு திருத்தியதை நிறம் காட்டிச் சொல்லும் வசதி. குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, விலையைத் தவிர.

ஆனால் அந்த விலையை ஏற்கனவே கொடுத்துவிட்டு, அது தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். புது லேப்டாப் வாங்கினால் முதலில் அட்டைப் பெட்டியையும் பில்லையும் பாருங்கள். பல மாடல்களில் வேர்டு அடங்கிய ஆபீஸ் தொகுப்பு சேர்ந்தே வருகிறது. அதை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செயல்படுத்த வேண்டும், இல்லையென்றால் போச்சு. அப்படிச் செய்யும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன்னுடையதைப் போட்டுவிடுவதும் உண்டு. இரண்டு வருசம் கழித்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டி வரும்போது அந்தக் கடையே இருக்காது. உங்களுக்குக் கிடைத்திருப்பது ஆயுளுக்கும் உரிமமா, ஒரு வருசச் சந்தாவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்தால் கோப்பைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், ஆனால் ஒரு எழுத்துகூடத் திருத்த முடியாது. அது எப்போது முடியும் என்று நினைக்கிறீர்கள்? புராஜெக்ட் சமயத்தில்தான்.

பெட்டியில் இல்லையென்றால், கல்லூரி மின்னஞ்சல் கிடைத்ததும் மைக்ரோசாஃப்டின் கல்விப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கல்லூரி அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் இணையத்தில் இயங்கும் வேர்டு கிடைக்கும். சேராவிட்டாலும் சாதாரண மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இணைய வேர்டு இலவசம்தான், 5 ஜிபி இடமும் உண்டு. கணினியில் நிறுவுகிற வேர்டில் உள்ள எல்லாம் அதில் இருக்காது. அசைன்மென்டுக்குப் போதும், பெரிய ரிப்போர்ட்டுக்கு இழுக்கும்.

இந்த 500 ரூபாய் வேர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருட்டு என்று பாடம் எடுக்க வரவில்லை. என் கடையிலேயே ஆரம்ப காலத்தில் அதுதான் ஓடியது, மறைப்பானேன். ஆனால் அதைப் போடுவதற்கு முதல் வேலையாக வைரஸ் தடுப்பை அணைக்கிறார்கள். பூட்டை உடைக்கிற அந்தச் சின்ன நிரலுக்குள் வேறு என்ன வந்தது என்று போடுகிறவருக்கும் தெரியாது. ஒரு ஏப்ரலில் யாரோ ஒருவருடைய பென்டிரைவ் வழியாக வந்த வைரஸ் என் கடையின் மூன்று கணினிகளையும் படுக்க வைத்தது. அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு பேரை எதிர்க் கடைக்கு நானே கை காட்டி அனுப்பினேன். அந்த வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூகுள் டாக்ஸ். இப்போதைய பிள்ளைகளுக்குக் கைவசம் இருப்பது இது. ஜிமெயில் இருந்தால் இதுவும் இருக்கிறது. போனில் ஆரம்பித்து லேப்டாப்பில் முடிக்கலாம். சேமிக்க மறந்துவிட்டேன் என்ற பேச்சே கிடையாது. இடம் 15 ஜிபி, அதை மெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும்.

இதற்கு ஈடு இல்லாத இடம் ஒன்று உண்டு, அது குழு வேலை. நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் என்று வையுங்கள். விடுமுறைக்கு ஒருத்தி தாராபுரம், ஒருத்தன் அந்தியூர், ஒருத்தன் பொள்ளாச்சி, ஒருத்தன் நாமக்கல் போய்விடுவான். பழைய முறையில் இவர்கள் கோப்பை வாட்ஸப்பில் சுற்றவிடுவார்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்', 'ஒரிஜினல் ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று என் கடைக்கு ஒரே குழுவிடமிருந்து ஐந்து கோப்பு வந்தது உண்டு. எது நிஜம் என்று நான்கு பேருக்கும் தெரியவில்லை. டாக்ஸில் கோப்பு ஒன்றே ஒன்றுதான். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் உள்ளே இருக்கிறது. யார் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் தெரிந்துவிடும், அதனால் சில நட்புகள் முறிந்த கதையும் நான் கேட்டிருக்கிறேன். கைடும் அதிலேயே ஓரத்தில் கருத்து எழுதலாம்.

ஆனால் கல்லூரி கேட்கிற அந்த வடிவம் இருக்கிறதே, அங்கேதான் டாக்ஸ் திணறும். முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. படங்களுக்குத் தனிப் பட்டியல், அட்டவணைகளுக்குத் தனிப் பட்டியல். பைண்டிங்கில் பக்கம் விழுங்கப்படும் என்பதால் இடது ஓரம் மட்டும் கூடுதல். இதில் ஓரம் வைப்பது சுலபம். மற்றவற்றை டாக்ஸில் கொண்டுவருவதற்குத் தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். எழுத்து வேலை முடியும் வரை அதில் இருங்கள், முடிந்ததும் இறக்கி வேறொன்றில் வடிவம் போடுங்கள் என்பதே என் கருத்து.

தாளவாடி, பர்கூர் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்ய, ஊருக்குப் போவதற்கு முன்பே குரோமில் ஆஃப்லைன் வசதியை இயக்கி வைக்க வேண்டும். போன பிறகு இயக்க முடியாது. அப்புறம் முக்கியமானது: கல்லூரி கொடுத்த கூகுள் கணக்கில் எல்லாவற்றையும் வைத்துவிடாதீர்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அந்தக் கணக்கை மூடிவிடும். மூன்று வருச உழைப்பும் அதோடு மூடப்படும். கடைசி செமஸ்டரிலேயே சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, என் செல்லப்பிள்ளைக்கு வருகிறேன். லிப்ரே ஆபீஸ். அதில் வேர்டுக்கு நிகரானதன் பெயர் ரைட்டர். ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய திட்டத்திலிருந்து 2010இல் பிரிந்து வந்தது. காசு கிடையாது, சந்தா கிடையாது, கணக்கு தொடங்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே காலம் முழுக்க வேலை செய்யலாம்.

2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை பல வீடுகளில் இன்னும் பரண் மேல் இருக்கும். அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கியது. அண்ணன் வாங்கிய அந்த லேப்டாப்பைத் தம்பி எடுத்து, இலகுவான ஒரு லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போட்டு பி.ஏ. முடித்ததை என் பக்கத்து வீட்டிலேயே பார்த்தேன். திறக்க நேரம் எடுக்கும். திறந்துவிட்டால் ஓடும்.

ரைட்டரில் எனக்குப் பிடித்தது பக்க ஸ்டைல். முன்பக்கம் என்று ஒரு ஸ்டைல், அத்தியாயப் பக்கம் என்று ஒரு ஸ்டைல், படுக்கை வாக்கில் அட்டவணைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி ஓரம். வேர்டிலும் இதைப் பிரிவுகளாகப் பிரித்துச் செய்யலாம். ஆனால் ஒரு பிரிவைத் தவறி அழித்தால் அடுத்ததன் வடிவம் முன்னதன் மேல் வந்து ஏறிக்கொள்ளும், பிள்ளைகள் அழுவார்கள். ரைட்டரில் அந்தக் குழப்பம் குறைவு. எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் ஓரத்தில் வந்து நிற்கும். கண்ட்ரோலோடு 1 அழுத்தினால் முதல்நிலைத் தலைப்பு, 2 அழுத்தினால் துணைத் தலைப்பு. ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

எழுத்துரு விசயத்திலும் இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. லிபரேஷன் செரிஃப் என்ற எழுத்துரு இதனுடனேயே வருகிறது. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துகளின் அகலம் என்னவோ அதே அகலத்தில் வரையப்பட்டது. ஆக, டைம்ஸ் நியூ ரோமன் இல்லாத கணினியிலும் வரி அதே இடத்தில்தான் மடங்கும். காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா என்று அதே வேலையைச் செய்யும் வேறு இரண்டும் உண்டு. நான் மேலே சொன்ன அந்த 62, 67 கதையை எத்தனை பேருக்கு இது மிச்சப்படுத்தியிருக்கும்!

செல்லப்பிள்ளை என்பதற்காகக் குறையை மறைக்க மாட்டேன். வேர்டும் ரைட்டரும் ஒன்றின் கோப்பை ஒன்று திறக்கும், ஆனால் அச்சு அசலாகத் திறக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. வெறும் எழுத்து, தலைப்பு, எளிய அட்டவணை எல்லாம் நன்றாகவே வரும். கட்டங்களை இணைத்த சிக்கலான அட்டவணை, எழுத்துப் பெட்டி, அம்புக்குறி போட்ட பாய்வுப் படம், இவை இடம் மாறும். நீங்கள் ரைட்டரில் அனுப்பி, கைடு வேர்டில் திருத்தி, நீங்கள் மறுபடி ரைட்டரில் திறந்து என்று ஆறு முறை போய் வந்தால், ஆறாவது முறை அட்டவணை கரூர் பஸ்ஸில் நின்று வந்த சட்டை மாதிரி இருக்கும். ஆகவே கைடு டாக்எக்ஸில்தான் திருத்துவேன் என்று பிடிவாதமாக இருந்தால், பிடிவாதத்தை அவரிடமே விட்டுவிட்டு நீங்கள் வேர்டுக்குப் போய்விடுவது நல்லது. பென்சிலால் தாளில் திருத்துகிற பழைய கால கைடு கிடைத்தால் ரைட்டர் சொர்க்கம்.

இன்னொரு சின்னத் தந்திரம். ரைட்டரில் பிடிஎஃப் ஆக்கும்போது, மூலக் கோப்பையும் அதனுள்ளேயே வைத்து அனுப்பும் வசதி இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சாதாரண பிடிஎஃப். ரைட்டரில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணம். கடைக்கு வந்த பிறகு கைடு பெயரில் ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட்டால், என்னைப் போன்ற கடைக்காரர் வாழ்த்துவார்.

ஜோஹோ ரைட்டரை நம் ஊர்க்காரர்கள் பலர் பெயராகத்தான் கேட்டிருக்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம், தென்காசிப் பக்கம் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறது. இந்த ரைட்டர் 2005லேயே வந்தது. டாக்ஸ் போலவே இணையத்தில் சேர்ந்து எழுதலாம், தனிநபருக்கு இலவசம், பார்க்கவும் துப்புரவாக இருக்கும். எனக்குத் தெரிந்து இதில் உள்ள ஒரே தடை, குழுவில் மற்ற மூன்று பேரும் டாக்ஸில் இருப்பார்கள் என்பதுதான். கணக்கு தொடங்கச் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைக்க முடிந்தால் தாராளமாகப் போங்கள்.

டபிள்யூபிஎஸ் ஆபீஸ் என்ற செயலியைப் போனில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். கோப்பைத் திறந்து பார்க்க நல்லது. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், சில வேலைகளுக்கு நடுவில் கை நீட்டிக் காசு கேட்கும். ரிப்போர்ட்டை இதில் எழுத வேண்டாம்.

லேடெக்கைப் பற்றி பொறியியல், கணிதப் பிள்ளைகள் கேட்பார்கள். டொனால்ட் நூத் என்ற கணினியியல் பேராசிரியர், தன் புத்தகத்தில் கணித எழுத்து அச்சில் அசிங்கமாக வந்ததைப் பொறுக்க முடியாமல் 1978இல் உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருள் டெக். அதன் மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். இதில் பார்த்துப் பார்த்து வடிவம் போடுகிற வேலை கிடையாது. இது தலைப்பு, இது சமன்பாடு, இது மேற்கோள் என்று குறியிட்டு எழுதினால் மீதியை அதுவே அடுக்கும். பக்கத்துக்குப் பத்துச் சமன்பாடு வருகிற எம்.எஸ்சி. கணிதம், ஐ-டிரிபிள்-ஈ என்ற பொறியாளர் அமைப்பின் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புகிற எம்.இ., பிஎச்.டி. ஆட்களுக்கு இதற்கு மாற்று இல்லை. ஓவர்லீஃப் தளத்தில் எதையும் நிறுவாமலே பழகலாம், இலவசக் கணக்கில் உங்களோடு இன்னும் ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். பி.காம். படிக்கிறவள் இதைத் தொட வேண்டியதில்லை. தொட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அசைன்மென்டுக்கு முந்தின நாள் தொடக்கூடாது. ஒரு அடைப்புக்குறி மூட மறந்ததற்கு அது காட்டுகிற பிழைப் பட்டியலைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

இனி தமிழ். தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு மேலே சொன்னது எதுவுமே முதல் கேள்வி இல்லை. அவர்களுக்கு முதல் கேள்வி, எந்த எழுத்துருக் குறியீட்டில் தட்டுகிறோம் என்பது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். விசைப்பலகைக்குத் தமிழ்99 என்ற தரம் 1999இல் வந்தது. 2010 ஜூனில் நம்ம கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடும் அதோடு தமிழ் இணைய மாநாடும் நடந்த அதே சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடையும், டேஸ்16 என்ற இன்னொன்றையும் தரமாக அறிவித்தது. அவ்வளவு நடந்தும் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. காரணம் சோம்பல் மட்டும் இல்லை. பல கடைகளில் ஓடிய பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. நானும் பத்து வருசம் பாமினியில் தட்டியவன்தான், விரல் இன்னும் அங்கேதான் போகிறது.

பழைய எழுத்துருவில் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும், பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். என் தங்கையின் எம்.பில். ஆய்வேட்டை ஊரில் ஒரு நிலையத்தில் கொடுத்துத் தட்டினோம். அவர்கள் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரைக்கூடக் கேட்டு வாங்காமல் குறுந்தட்டை மட்டும் வாங்கி வந்துவிட்டோம். மூன்று வருசம் கழித்து அதைப் புத்தகமாக்கலாம் என்று திறந்தால் 140 பக்கமும் கிறுக்கல். நிலையம் மூடியாகிவிட்டது. எழுத்துரு மாற்றிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மாற்றிய பிறகும் கொம்பும் காலும் அங்கங்கே பிரிந்து கிடந்தன.

யூனிகோடில் தட்டுங்கள் என்பதைத் தவிர இதில் வேறு பேச்சில்லை. ஆய்வேட்டில் ஒரு சொல்லைத் தேட முடியும், போனில் அனுப்பினாலும் படிக்க முடியும், காப்பி அடித்திருக்கிறதா என்று பிற நூல்களோடு ஒற்றுமை பார்க்கிற மென்பொருளுக்கும் அது எழுத்தாகவே தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, அதற்கு மேல் போனால் கேள்வி வரும். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலேயே தமிழ்99 விசைப்பலகையும், 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக்குகிற ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் கூடவே வருகின்றன. தனியாக எதுவும் தேட வேண்டாம். தட்டவே சோம்பலாக இருந்தால் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும். ஆனால் கொஞ்சம் நிறுத்தி, நூல் தமிழில் பேசுங்கள். நம் வாய்மொழியில் "போயிட்டு வந்தனுங்க" என்றால் அது என்னத்தையோ எழுதும்.

இதில் வேர்டுக்கும் ரைட்டருக்கும் ஒரு பொதுவான பொறி உண்டு. இரண்டுமே ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனியாக இன்னொன்று என்று இரண்டு அமைப்புகளை வைத்திருக்கின்றன. டைம்ஸ் நியூ ரோமன் 12 என்று மேலே வைத்துவிட்டுத் தமிழில் தட்டினால், வேர்டு பெரும்பாலும் லதா என்ற தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். லதாவுக்கு மேலும் கீழும் இடம் அதிகம் வேண்டும். ஆங்கிலப் பத்தியும் தமிழ்ப் பத்தியும் வேறு வேறு இடைவெளியில் நின்று, ஒரே பக்கத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் குடியிருக்கிற மாதிரி தெரியும். ரைட்டரில், அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறைக்கான வசதியை இயக்கிவிட்டால், ஸ்டைலிலேயே தமிழுக்கென்று தனி எழுத்துரு, தனி அளவு வைக்கலாம். நான் தமிழுக்கு நோட்டோ செரிஃப் வைப்பேன், ஆங்கிலத்தைவிட ஒரு புள்ளி குறைத்து. இலவசம், அச்சில் கண்ணுக்கு இதமாகவும் இருக்கிறது.

ஆக, யாருக்கு எது? கலை, வணிகவியல் என்று முதல் இரண்டு வருசம் அசைன்மென்டும் செமினாரும் மட்டும் உள்ளவர்களுக்கு டாக்ஸ் போதும், செலவும் இல்லை. கடைசி வருசம் புராஜெக்ட் வரும்போது கைடிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேளுங்கள்: "திருத்தம் தாளிலா, கோப்பிலா சார்?" தாள் என்றால் ரைட்டர். கோப்பு என்றால் வேர்டு, அதுவும் பெட்டியோடு வந்ததோ கல்லூரி தந்ததோ. கணிதம் மிகுந்த படிப்பென்றால் இரண்டாம் வருச விடுமுறையிலேயே லேடெக்கைத் தொட்டுப் பார்த்து வையுங்கள். தமிழ் படிக்கிறவர்களுக்கு ரைட்டரும் யூனிகோடும். லேப்டாப்பே இல்லாமல் போனோடு வந்திருக்கிற பிள்ளைகள் கூச்சப்பட வேண்டாம். டாக்ஸில் போனிலேயே முழுவதும் எழுதி, தலைப்புக்கு ஸ்டைலும் கொடுத்து, வடிவத்தை மட்டும் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து முடித்தவர்களுக்கு நானே பைண்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சுருக்கி அக்கா மகளுக்குச் சொன்னேன். பெட்டியைக் குடைந்து பார்த்தாள், ஆபீஸ் எதுவும் சேர்ந்து வரவில்லை. 500 ரூபாயைக் கடைக்காரருக்குக் கொடுக்காமல் லிப்ரே ஆபீஸை இறக்கிக்கொண்டாள். நேற்று மறுபடியும் போன்.

"மாமா, எஃப்11 அமுத்துனா ஸ்டைல் வரும்னீங்க. எனக்கு வெளிச்சந்தான் கூடுதுங்க."

"கீழ கண்ட்ரோலுக்குப் பக்கத்துல எஃப்என்னு ஒரு சாவி இருக்கும் பாரு கண்ணு, அதையும் சேத்து அமுத்து" என்றேன்.